மூன்று வரி ஆணையும் இரண்டு வருட நடையும்

போன மாதம் நம் வட்டாரக் கூட்டம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். புதிதாக இயற்கை வழிக்கு வந்திருக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: “சார், பூச்சியைக்கூடக் கொல்லாதீங்கன்னு சொல்றோம். உங்க வீட்டுல துப்பாக்கி இருக்காமே? அதைத் திரும்ப வாங்க ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சீங்களாமே?”

நியாயமான கேள்விதான். ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். நம் உழவர்களில் இன்னும் சிலருக்கு இது உதவும் என்று தோன்றியதால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்க்கிற மாதிரி எதுவும் இல்லை. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பி வெடிக்கிற பழைய ஒற்றைக்குழல். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று தனியாகச் சொல்கிறது. மலையடிவாரக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இப்படி வாங்கியவர்கள் பலர். எங்கள் அப்பாவும் வாங்கியிருந்தார். 2017இல் அவர் தவறிய பிறகு வாரிசு முறையில் உரிமம் என் பெயருக்கு வந்தது. 2020இல் புதுப்பித்தபோது ஐந்து வருடத்துக்குக் கொடுத்தார்கள். 2019 டிசம்பர் திருத்தத்துக்கு முன்னால் அது மூன்று வருடமாக இருந்தது.

“அப்ப பன்னியைச் சுடலாமா?” என்று உடனே கேட்பார்கள். கூடாது. துப்பாக்கி உரிமம் வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி முன்பு வன உயிரினச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சுட்டால் ஜெயில்தான். மயில் முதல் அட்டவணை, அதன் பக்கமே போகக் கூடாது. நாங்கள் செய்தது வெறும் மருந்து வேட்டு. நிலக்கடலை முற்றும் மாதத்தில் இரவு பத்து மணிக்கு ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று. சத்தத்துக்குப் பன்றிக் கூட்டம் ஓடைப்பக்கம் திரும்பிவிடும். சேலை கட்டுவது, சலூன் முடி தூவுவது, ஓரத்தில் ஆமணக்கு போடுவது எல்லாம் நானும் செய்கிறேன். அவற்றோடு இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

தேர்தலுக்குக் கொடுத்தது திரும்பவில்லை

2021 அக்டோபரில் எங்கள் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்று காய்ந்தது. மனு கொடுத்து அலுத்துப்போய், சாலை ஓரத்தில் 23 பேர் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். பொதுப்பணித்துறை அதிகாரி வந்து பேசினார், எழுந்துவிட்டோம். அன்று மாலையே 23 பேர் மீதும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டம் 143, 341, 188. சட்டவிரோதமாகக் கூடுதல், வழிமறித்தல், அரசு ஊழியர் உத்தரவை மீறுதல். போராட்டத்துக்குப் போகிற நம்மவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருக்கும். யாரையும் கைது செய்யவில்லை, சம்மனும் வரவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊர் பேரூராட்சி. தேர்தல் என்றால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பது வழக்கம். ஒப்படைத்து ரசீது வாங்கினேன். தேர்தல் முடிந்து மார்ச் முதல் வாரம் திரும்ப வாங்கப் போனால், ரைட்டர் ஒரு கவரை நீட்டினார்.

“சார், உங்க லைசென்ஸ் கேன்சல் ஆயிருச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பிரித்துப் பார்த்தேன். பார்வை எண்கள் அரைப் பக்கம். விஷயம் மூன்றே வரி. மேற்படி நபர் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதாகக் காவல்துறை அறிக்கை அளித்துள்ளது, எனவே பொது அமைதி மற்றும் பொதுப் பாதுகாப்பு நலன் கருதி உரிமம் ரத்து செய்யப்படுகிறது என்று இருந்தது. அதற்கு முன் எனக்கு ஒரு நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை. என்ன வழக்கு என்றுகூட ஆணையில் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் ஊரார் கையெழுத்துக்கெல்லாம் நான் சான்று போட்டிருக்கிறேன். பொது அமைதிக்கு ஆபத்தானவன் என்று என்னைப் பற்றி ஒரு அரசு ஆணை இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, “போனா போகட்டுங்க, சனியன் விட்டுதுன்னு இருங்க” என்றார். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். அவர் கையிலும் அதே மூன்று வரி. அவரும் அந்த 23 பேரில் ஒருவர், அவரிடமும் அப்பா காலத்துத் துப்பாக்கி இருந்தது. “இதுக்குத்தான் நான் ரோட்டுல வந்து உக்கார மாட்டேன்னு சொன்னேன். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. இன்னும் நான்கு பேரும் வரவில்லை. அப்போதுதான் இது துப்பாக்கி விஷயம் மட்டும் இல்லை என்று உறைத்தது. தண்ணீர் கேட்டு உட்கார்ந்ததற்கு ஒரு விலை வைத்துவிட்டார்கள். அதைக் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். கடன் பத்திரம் படித்துப் பழகிய கண்ணுக்கு அது கஷ்டமாக இல்லை.

உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ ஆட்சியருக்கு அதிகாரம் தருவது 17(3)ஆம் பிரிவு. காரணங்களும் அதிலேயே இருக்கின்றன. ஆயுதம் வைத்திருக்கச் சட்டம் தடை செய்த ஆள், மனநலம் சரியில்லாதவர், வேறு காரணத்தால் தகுதியற்றவர் என்று அதிகாரி கருதினால் ரத்து செய்யலாம். பொது அமைதிக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ அவசியம் என்றால் செய்யலாம். உண்மையை மறைத்து உரிமம் வாங்கியிருந்தால், உரிம நிபந்தனையை மீறினால், உரிமத்தை ஒப்படைக்கச் சொல்லியும் ஒப்படைக்காவிட்டால் செய்யலாம். வழக்கு நிலுவையில் இருப்பது என்று தனியாக ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. பொது அமைதிக்கு ஆபத்து என்று சொன்னால், எப்படி ஆபத்து என்று காட்ட வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே ரத்துக்குப் போதாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் துப்பாக்கி உரிமங்கள் அதிகம், அதனால் இந்த விஷயத்தில் தீர்ப்புகளும் அங்கிருந்துதான் அதிகம்.

17(5)ஆம் பிரிவு இன்னும் முக்கியம். ரத்து செய்கிற அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் கேட்டால், பொதுநலனுக்கு ஒவ்வாது என்று அதிகாரி கருதினால் ஒழிய, அந்தக் காரணங்களைச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும்.

ரத்துக்கு முன் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று 17ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதவில்லை. ஆனால் ஒருவரின் உரிமையைப் பாதிக்கிற ஆணைக்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதி. சட்டம் மௌனமாக இருந்தாலும் அது உண்டு என்பது 1978 மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு நம் நாட்டில் நிலைத்துவிட்ட கொள்கை.

தேதி, தேதி, தேதி

18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். 30 நாள் கெடு. இங்கேதான் நம் உழவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

ஆணையில் போட்டிருந்த தேதி பிப்ரவரி 14. என் கைக்கு வந்தது மார்ச் 4. ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்போது, பேங்க் பழக்கத்தில், “4.3.2022 காலை 11 மணிக்குப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித்தான் போட்டேன். ரைட்டர் முகம் சுளித்தார். ஆனாலும் அதை நம்பி உட்காரவில்லை. ஆணைத் தேதியிலிருந்தே 30 நாளை எண்ணி, மார்ச் 14ஆம் தேதியே மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன், நேரிலும் ஒரு பிரதி கொடுத்துத் தபால் பிரிவில் சீல் வாங்கினேன். கெடு தாண்டிவிட்டாலும் போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால்தான்.

அதே வாரம் இன்னும் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று, 17(5)இன் கீழ் காரணம் கேட்டு. இன்னொன்று, ஆணைக்கு அடிப்படையான கோப்பின் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதுக்கு ஒரு பக்கம் வந்தது. காவல்துறை அறிக்கை. அதில் எஃப்.ஐ.ஆர். எண்ணும் மூன்று பிரிவுகளும் மட்டும் இருந்தன. துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தியதாகவோ, யாரையாவது மிரட்டியதாகவோ ஒரு சொல் இல்லை. அந்தத் தாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

மேல்முறையீட்டில் எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், ஐந்து நிமிடம் கேட்டார்கள். நவம்பரில் தள்ளுபடி ஆணை வந்தது. ஆட்சியர் ஆணையில் இருந்த அதே மூன்று வரி, கூடவே தலையிட முகாந்திரம் இல்லை என்று நான்காவது வரி.

உயர் நீதிமன்றத்தில்

மேல்முறையீடும் போன பிறகு மிச்சம் இருப்பது அரசியல் சட்டம் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான். நேராகவே ரிட் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மாற்று வழி இருக்கும்போது அங்கே போய் வா என்றுதான் நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும். இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் எல்லா வாசலையும் தட்டிவிட்டு வந்தவனின் மனு பலமாக இருக்கும்.

வக்கீல் சின்ன வயதுக்காரர், நம் இயக்கத்து நண்பர் ஒருவரின் மகன். கோப்பைப் பார்த்ததும் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்: “சார், நம்ம நாட்டுல துப்பாக்கி அடிப்படை உரிமை கிடையாது. சட்டம் கொடுக்கிற சலுகைதான். கோர்ட்டு உங்க கையில லைசென்ஸை எடுத்துக் கொடுக்காது. ஆர்டர் தப்புன்னா ரத்து பண்ணிட்டு, திரும்ப விசாரிங்கன்னு அனுப்பும். அதுக்குச் சம்மதம்னா போடலாம்.”

சம்மதம் என்றேன். என் பெயர் மேல் இருந்த அந்த மூன்று வரி போனால் போதும் என்று இருந்தது.

2023 தொடக்கத்தில் மனு பதிவானது. எங்கள் வாதம் நான்கு. ஒன்று, ஆணைக்கு முன் என்னைக் கேட்கவில்லை. இரண்டு, காரணம் என்று இருப்பது காரணமே இல்லை. மூன்று, 188இன் கீழ் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. நான்கு, மிச்சமுள்ள 143க்கு அதிகபட்சம் ஆறு மாதம், 341க்கு ஒரு மாதம். இப்படி ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் கோப்பில் எடுத்தாக வேண்டும் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆம் பிரிவு கெடு வைத்திருந்தது. 2021 அக்டோபர் வழக்கில் 2022 அக்டோபர் தாண்டியும் குற்றப்பத்திரிகை இல்லை. கெடு தாண்டி வருகிற கடன்காரரிடம் நான் எத்தனை முறை சட்டம் பேசியிருக்கிறேன்! இந்த முறை கெடு தாண்டியது எதிர்த் தரப்பு.

அரசுத் தரப்பு பதில் மனுவில் புதிதாக ஒன்று வந்தது. எங்கள் பகுதி பதற்றமான பகுதி, நான் கூட்டம் கூட்டுபவன், அதனால் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது கை நடுங்கியது. வக்கீல் பதறவில்லை. ஒரு ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தால்தான் நிற்க வேண்டும், பிறகு பதில் மனுவில் புதுக் காரணம் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வைத்தார். அவர்களே கொடுத்த ஒரு பக்க அறிக்கையையும் பக்கத்தில் வைத்தார். பதற்றமும் இல்லை, கூட்டம் கூட்டுபவனும் இல்லை அதில்.

ஆகஸ்டில் தீர்ப்பு. இரண்டு ஆணைகளும் ரத்து. எனக்கு நோட்டீஸ் கொடுத்து, கேட்டு, பன்னிரண்டு வாரத்துக்குள் காரணங்களோடு புதிய ஆணை போட வேண்டும். வக்கீல் முதல் நாள் சொன்னது போலவேதான்.

அந்த நாற்காலியின் முன்

புதிய விசாரணைக்கு நவம்பரில் போனேன். அதற்குள் அதிகாரி மாறியிருந்தார். கேள்விகள் நேரடியாக இருந்தன. கடைசியாக எப்போது வெடித்தீர்கள்? மருந்து எங்கே வைக்கிறீர்கள்? வீட்டில் யார் யார்? இனி சாலை மறியலுக்குப் போவீர்களா?

கடைசிக் கேள்விக்கு ஒரு நொடி யோசித்தேன். “தண்ணி வரலைன்னா போவேன் சார். துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். அன்னிக்கும் அது வீட்டுல பூட்டித்தான் இருந்தது” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். 2024 ஜனவரியில் உரிமம் திரும்பக் கிடைத்தது.

துப்பாக்கியை எடுக்கப் போனேன். ஸ்டேஷன் அறையின் ஈரத்தில் இரண்டு வருடம் கிடந்து குழல் துருப்பிடித்து, கட்டைப் பகுதியில் கரையான் ஏறியிருந்தது. உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வாடகை கேட்பார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். தெரியாமல் போனது. வக்கீல் ஃபீஸ், டைப்பிங், பயணம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகியிருந்தது. துப்பாக்கியின் மதிப்பு அதில் கால்வாசி இருக்குமா தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கதை வேறு மாதிரி. அவர் அந்த ஆணையை மடித்து உத்தரத்தில் செருகிவிட்டார். 30 நாள் கெடு என்று அவருக்குத் தெரியாது, கோபத்தில் இருந்தவரிடம் நானும் போய்ச் சொல்லவில்லை. அது என் தவறு. அடுத்த பட்டத்தில் பன்றி புகுந்து பாதிக் கடலையைக் கிளறிப் போட்டதும், கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவுட்டுக்காய் வைக்கலாமா என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவுட்டுக்காயைப் பன்றி மட்டும் கடிப்பதில்லை, யானையும் மாடும் கடிக்கும். திருட்டுக் கரண்டில் முதலில் சாகிறது பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சப் போகிற நம் ஆள்தான். அன்று இரவெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் தடுத்தேன். என் தீர்ப்பின் நகலை வைத்து, தாமதத்தை மன்னிக்கக் கோரி இப்போது அவருக்கும் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

பந்தியில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். துப்பாக்கி இல்லாமலும் நான் கடலை விளைவித்திருக்கிறேன். அந்த இரண்டு வருடமும் காவல் குடிசையில் தகரம் தட்டியே ஓட்டினேன். நாளைக்கு என் மகன் வேண்டாம் என்றால் ஒப்படைத்துவிடுவேன். ஆனால் அதை நானாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கேட்டதற்காக யாரும் பிடுங்கக் கூடாது.

துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பட்டா ரத்தோ, மின் இணைப்பு ரத்தோ, எந்த ஆணை கைக்கு வந்தாலும் உத்தரத்தில் செருகாதீர்கள். வாங்கிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். என்ன காரணம், எந்தப் பிரிவு, யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாள் என்று அன்றைக்கே ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். நம்மோடு சேர்ந்து வழக்கில் மாட்டியவர் கோபத்தில் இருந்தாலும் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய், கெடு என்றைக்கு முடிகிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அண்ணனின் மேல்முறையீடு என்ன ஆகிறது என்று இதே பத்திரிகையில் பிறகு எழுதுகிறேன். இந்தப் பட்டத்துக்கு அவர் தோட்டத்தைச் சுற்றி ஆமணக்கு நட்டிருக்கிறோம். போன வாரக் கூட்டத்துக்கு வந்திருந்தார்.